பொதுஜன நாற்காலி

ஆங்கிலத்தில் 'டேக்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. பார்த்தால் சின்னச் சொல்தான். அகராதியைத் திறந்தால்தான் அதன் யோக்கியதை தெரியும். பக்கம் பக்கமாகக் குட்டி போட்டு வைத்திருக்கும். பதவி ஏற்பதற்கும் அதுதான், குளிப்பதற்கும் அதுதான், பஸ் பிடிப்பதற்கும் அதுதான், படம் எடுப்பதற்கும் லஞ்சம் வாங்குவதற்கும் அதுவேதான். அந்த மொழியைப் பேசி வளர்ந்தவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்கும் சேர்த்துக் கவலைப்படுவதற்கு நம்மிடம் ஒரு வாரியம் இருந்தது.

அதன் பெயர் வினைச்சொல் நிர்ணய வாரியம். பெயர்ச்சொல்லுக்குத் தனி வாரியம் உண்டு. அது இரண்டு தெரு தள்ளி, சொந்தக் கட்டடத்தில் இருந்தது. வினைச்சொல் வாரியம் வாடகைக் கட்டடத்தில் இருந்ததால் அதற்கு ஒரு தீராத மனத்தாங்கல். "பெயர் சும்மா கிடக்கும், வினைதான் வேலை செய்யும்" என்று அதன் தலைவர் மேடைதோறும் சொல்லி ஆற்றிக்கொள்வார். இதுவரை எத்தனை வினைகளை முடித்திருக்கிறீர்கள் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "ஒன்று நடந்துகொண்டிருக்கிறது" என்று பதில் வந்திருக்கும். அந்த ஒன்று 'டேக்'.

இந்த வாரியத்துக்கும் அரசு மருத்துவமனையின் மருந்துக் கிடங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடத்தானே அரசாங்கம் இருக்கிறது? மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. இனி மருந்துப் பெட்டிகளில் ஆங்கிலம் கூடாது. மக்கள் மொழியில்தான் லேபிள் ஒட்ட வேண்டும். லேபிளில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் பெற்ற லேபிள் ஒட்டாத பெட்டி எதுவும் அரக்கு முத்திரையை விட்டு வெளியே வரக்கூடாது. நல்ல ஆணைதான். மக்களுக்குப் புரிய வேண்டும் என்று சொல்வதில் யார் குறை கண்டுபிடிக்க முடியும்?

பெயர்ச்சொல் வாரியம் ஒரே மத்தியானத்தில் 'மாத்திரை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனது. எண்ணுக்கான குழு 'ஒரு' என்பதை ஏற்றுக்கொண்டது. லேபிள்கள் அச்சாகி வந்தன. "நாள்தோறும் இருவேளை ஒரு மாத்திரை" என்று தெளிவாக இருந்தது. அதற்கு அப்புறம் ஒரு கோடு. கோட்டின் மேல் வர வேண்டிய வினை வாரியத்தில் இருந்தது.

கிடங்குக்காரர் அந்த லேபிள் கட்டுகளை முத்திரை வைத்த பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்தார். இருபக்கமும் இரும்பு அலமாரி, நடுவே ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து, மேலே முனகும் மின்விசிறி. அதுதான் அவர் ராஜ்ஜியம். ஜன்னல் கம்பிக்கு வெளியே வரிசை நிற்கும். "இருக்கா?" என்பார்கள். "இருக்கு" என்பார். "குடுங்க" என்பார்கள். "குடுக்க முடியாது" என்பார். இப்படி ஒரு பதிலைச் சொல்லிச் சம்பளம் வாங்குவது அவருக்கே நாக்கில் கசந்தது. ஊசி மருந்து மட்டும் தப்பித்தது. ஊசியில் படிக்க இடமில்லை. ஆனால் ஊசி போட வேண்டுமென்றால் படுக்கை வேண்டும், படுக்கை வேண்டுமென்றால் நோய் முற்ற வேண்டும்.

அவருடைய அக்கா வலிப்பு நோய்க்காரி. அந்த மாத்திரை இருக்கிறவரை அவள் நோய்க்காரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை, நடுவில் நாள் முழுக்கத் தையல் மிஷின். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியைப் படிக்க வைத்து, வேலையில் சேர்த்து, அவனுக்கு ஒருத்தியையும் தேடிக் கட்டி வைத்தவள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"பெட்டியில மாத்திரை இருக்கு. பெட்டி உன் கிடங்குல இருக்கு. கிடங்குச் சாவி உன் இடுப்புல இருக்கு. என் மாத்திரை மட்டும் எங்கடா இருக்கு?"

"வாரியத்துல இருக்குக்கா. ஒரு வார்த்தை வரணும்."

"என்ன வார்த்தை?"

"மாத்திரையை என்ன பண்ணணும்னு ஒரு வார்த்தை."

அவள் மிஷினை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். "இத்தனை வருஷமா நான் அதை என்ன பண்ணிட்டிருந்தேன்னு நெனைக்கிறாங்க? தலையில வெச்சுக்கிட்டா?"

வெளியே கடைகளிலும் அதே ஆணை, அதே முத்திரை. வீட்டில் இருந்த பழைய மாத்திரை அட்டைகள் கரையத் தொடங்கின. முத்திரையை உடைத்து ஓர் அட்டை எடுத்து வரட்டுமா என்று அவர் ஒருமுறை கேட்டார். அவள் கத்தரிக்கோலைக் காட்டி, "வேலை போச்சுன்னா, ஜெயிலுக்குப் போனா, உன் பொண்டாட்டிக்கு யாரு சோறு போடறது? பேசாம போய் அந்த வார்த்தையை வாங்கிட்டு வா" என்றாள். அன்றைக்கே அவள் மாத்திரையைப் பாதியாக உடைக்க ஆரம்பித்திருந்தாள். தம்பிக்குத் தெரியாது.

அவர் விடுப்புப் போட்டுவிட்டு வாரியத்துக்குப் போனார். நீள மேசை, பச்சைத் துணி, ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு மூடி. மேசையின் தலைமாட்டில் தலைவர், அவருக்கு வலப்பக்கம் செயலர், இடப்பக்கம் பேராசிரியர். கால்மாட்டில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. கை வைத்த நல்ல தேக்கு நாற்காலி, சிவப்பு மெத்தை போட்டது, அந்த அறையிலேயே தேய்மானம் இல்லாத பொருள்.

"ஐயா, மருந்துக்கு மட்டும் அந்த ஒரு வார்த்தையைக் குடுத்துட்டீங்கன்னா..." என்று அவர் ஆரம்பித்தார்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஒரு வினைங்கிறது ஒரு உயிர். அதைக் கூறு போட்டு விக்க முடியாது. முழு வினையும் முடிஞ்சாத்தான் அதுல ஒரு பொருளாவது வெளியே போகும். இது வாரியத்தோட முழுமை விதி. பிரசவத்துல, அவசரமா இருக்கு, கை மட்டும் முதல்ல பொறக்கட்டும்னு சொல்வீங்களா?"

"மருந்து எத்தனாவது பொருளுங்கய்யா?"

"கடைசி" என்றார் செயலர். பொருள்களை அவர்கள் மதிப்பு வரிசையில் அடுக்கியிருந்தார்கள். முதலில் பதவி ஏற்பது, அப்புறம் விருது பெறுவது, அப்புறம் இடம் பிடிப்பது. வாழ்க்கையில் ஒன்றுமே கிடைக்காதவன் எடுத்துக்கொள்வது மருந்து. ஆகவே அது கடைசி.

"அதுவும் இப்ப ஒண்ணும் நகராது" என்று பேராசிரியர் காலி நாற்காலியைக் காட்டினார். வாரியத்தின் எந்த அமர்விலும் பொதுஜனம் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லும் நிர்ணயமானதும் அவர் எழுந்து நின்று 'புரிந்தது' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தச் சொல் திரும்பத் துணைக்குழுவுக்குப் போகும். இதுவரை இருந்த பொதுஜனம் ஒரு டைப்ரைட்டர் மெக்கானிக். 'குளித்தல்' நடந்துகொண்டிருந்தபோது தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவேயில்லை. அதிலிருந்து வாரியம் கூடவில்லை. உறுப்பினர்கள் மட்டும் தினமும் கூடினார்கள்.

"நீங்க பொதுஜனந்தானே?" என்று தலைவர் கண்ணைத் திறந்து கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"அப்ப உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். மெத்தை உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கால் ஆடுகிற பழைய முக்காலியில் உட்கார்ந்து பித்தான் துளைக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தாள். முக்காலியின் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை. அவள் அசையும்போதெல்லாம் அட்டை நழுவும், திட்டிக்கொண்டே குனிந்து சரிசெய்வாள்.

"சும்மா உக்காந்து புரிஞ்சுது புரிஞ்சுதுன்னு சொல்லணுமா? பள்ளிக்கூடத்துல நீ செஞ்ச வேலைதானே?"

"ஆனா நாற்காலி நல்லா இருக்குக்கா. கை வெச்சது. மெத்தை வேற."

"அப்படின்னா வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வாயேன். இந்தச் சனியன்ல உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

மறுநாளிலிருந்து வாரியம் சுறுசுறுப்பானது. பாதியில் நின்ற குளியலிலிருந்து தொடங்கினார்கள். 'குளித்தல்' என்று ஒரு சொல் ஊரில் ஏற்கெனவே இருக்கிறதே என்று பொதுஜனம் தயங்கித் தயங்கிச் சொன்னார். பேராசிரியர் அவரைப் பரிவோடு பார்த்தார்.

"இருக்குது, இல்லேங்கலை. ஆனா அது மக்களாப் பார்த்து வெச்சுக்கிட்ட சொல். அதுக்கு யாரும் கூட்டம் போடலை, யாரும் கையெழுத்துப் போடலை. அப்படிப்பட்ட சொல்லை எப்படி நம்பறது?"

'நீர்க்கொள்ளல்' என்று முடிவாயிற்று. ஏரி குளத்துக்கு ஏதோ திட்டம் வருகிறது என்று பொதுஜனம் நினைத்துக்கொண்டு, "புரிந்தது" என்றார்.

கல்யாணம் செய்துகொள்வதற்கு 'மனைகோடல்'. வீட்டுமனை வாங்குகிற விஷயம் என்று நினைத்து, "புரிந்தது" என்றார். பஸ் பிடிப்பதற்கு 'ஊர்திப்பற்றல்'. எங்கோ வண்டி தீப்பிடித்துவிட்டது என்று பதறி, அப்புறம் சுதாரித்துக்கொண்டு, "புரிந்தது" என்றார். புரியவில்லை என்றால் துணைக்குழு. துணைக்குழு என்றால் ஒரு மாசம். வீட்டில் மாத்திரை அதுவரைக்கும் தாங்காது. பொய் சொல்கிறோமே என்று முதல் இரண்டு நாள் உறுத்தியது. அப்புறம் அக்காவின் முகம் நினைவுக்கு வந்ததும் அந்த உறுத்தல் போயிற்று.

லஞ்சத்தின் முறை வந்தபோது அறையில் என்றுமில்லாத சூடு. 'வாங்குதல்' போதாதா என்றார் தலைவர். செயலருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வாங்குதல்னா கேட்டு வாங்கற மாதிரி ஒரு தொனி வருதுங்க. நாம கேட்கறோமா? ஒருத்தர் மனசு நெறஞ்சு, மேசைக்கு அடியில, கவர்ல வெச்சுக் குடுக்கறார். வேண்டாம்னா அவர் மனசு நோகும். நோகாம ஏத்துக்கறோம். இந்த நுட்பம் சொல்லுல வர வேண்டாமா? இந்தக் கட்டடத்துக்காரரையே கேட்டுப் பாருங்க, நான் ஒரு தடவையாவது வாய் விட்டுக் கேட்டிருக்கேனான்னு!"

கட்டடத்துக்காரரைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. 'நயமேற்றல்' என்று ஒருமனதாக முடிவாயிற்று. 'நேரம் எடுத்துக்கொள்ளல்' என்ற பொருளுக்கு மட்டும் எட்டு அமர்வு ஆனது. எட்டாவது அமர்வின் முடிவில், இந்தப் பொருளை இவ்வளவு ஆழமாக அனுபவித்து ஆராய்ந்த வாரியம் வேறெதுவும் இல்லை என்று தலைவர் பெருமையோடு பதிவு செய்தார்.

தினமும் பதினோரு மணிக்கு டீ வரும். டீ வந்ததும் மூவரும் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுப்பார்கள். "போட்டாச்சா?" என்பார் தலைவர். "இதோ போட்டுக்கறேன்" என்பார் செயலர். "நான் சர்க்கரைக்குப் போட்டாச்சு, பிரஷருக்குப் போடணும்" என்பார் பேராசிரியர். மூன்று பேருக்கும் அந்த விஷயத்தில் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

பொதுஜனம் இதை முதல் நாள் பார்த்தபோதே வாய் பிளந்துவிட்டார். "ஐயா, உங்களுக்கெல்லாம் மாத்திரை எப்படிக் கிடைக்குது?"

"எங்களுக்கு விலக்கு உண்டு" என்றார் தலைவர். "ஆங்கிலம் தெரிஞ்ச அறிஞர்கள் பழைய லேபிளோடவே மருந்து வாங்கிக்கலாம். ஆங்கிலம் தெரியாத ஏழை எளியவங்களைக் காப்பாத்தத்தானே இந்த ஆணையே?"

அன்றொரு நாள் பேராசிரியர் புதிதாக ஒரு நீல அட்டையை எடுத்தார். கிடங்குக்காரருக்கு அந்த நீலம் தூக்கத்திலும் தெரியும். பேராசிரியருக்கும் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டாம், கட்டுப்பாட்டில் இருக்கிறதாம்.

"ஐயா, என் அக்காவும் இதே மாத்திரைதான். வீட்டுல தீரப்போகுது. ஒரே ஒரு அட்டை கடனாக் குடுத்தீங்கன்னா, பெட்டி திறந்த அன்னிக்கே திருப்பித் தந்துடறேன்."

பேராசிரியர் மனம் இளகித்தான் போனார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குடுக்கறதுல ஒண்ணுமில்லை. ஆனா பாருங்க, இதுல ஆங்கிலத்துலதானே எழுதியிருக்கு? உங்க அக்காவுக்குப் புரியாதே."

"அவங்களுக்கு எழுத்தே வேண்டாங்கய்யா. வாய்ல போட்டுத் தண்ணி குடிப்பாங்க."

"அதுதான் தப்பு" என்று பேராசிரியர் அட்டையைப் பைக்குள் வைத்தார். "புரியாம ஒரு காரியத்தைச் செய்யக்கூடாது."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அக்காவின் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. தைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நிமிஷம் நினைவு எங்கோ போய்விட்டதாம். ஊசி விரலில் இறங்கியிருந்தது. அவருடைய மனைவிதான் மிஷின் சக்கரத்தைத் திருப்பி விரலை விடுவித்திருக்கிறாள்.

"அண்ணி பாதி பாதியா உடைச்சுப் போடறாங்க" என்று அவள் அடுக்களையிலிருந்து அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். "என்கிட்டயே மறைச்சுட்டாங்க. இப்ப அந்தப் பாதியும் ஒருநாள் விட்டு ஒருநாள்."

"அக்கா, நான் முத்திரையை உடைக்கறேன்."

"உடைச்சுத்தான் பாரேன்" என்றாள் அக்கா. "எத்தனை பொருள் பாக்கி?"

"ரெண்டுதான்."

"இத்தனை நாள் உக்காந்துட்டு இப்ப போய் உடைப்பியா? அந்த வரிசையில நிக்கறவங்களுக்கும் சேர்த்துத்தான் நீ உக்காந்திருக்கே. போடா, போய்ப் புரிஞ்சுதுன்னு சொல்லிட்டு வா."

மறுநாள் அவர் சொல் முடிவாவதற்கு முன்னாலேயே எழுந்து நின்று "புரிந்தது" என்று சொல்ல ஆரம்பித்தார். இப்படியொரு கூர்மையான பொதுஜனம் வாரியத்துக்குக் கிடைத்ததில்லை என்று செயலர் குறித்துக்கொண்டார். கடைசியில் மருந்து வந்தது.

'உட்கொள்ளவும்' என்று முந்தி மருத்துவமனைக் கவர்களில் எழுதிக் கொடுத்ததை அவர் நினைவுபடுத்தினார். தலைவர் அதைப் புறங்கையால் தள்ளினார். "உட்கொள்ளவும்னு போட்டா எல்லாருக்கும் படிச்ச உடனே புரிஞ்சுடும். அப்புறம் வாரியம்னு ஒண்ணு எதுக்கு?"

'சாப்பிடவும்' சோற்றுக்கு உரியது என்றார் செயலர். 'விழுங்கவும்' மலைப்பாம்புக்கு உரியது என்றார் பேராசிரியர்.

"நீங்களே டீ நேரத்துல போட்டாச்சா போட்டாச்சான்னு..." என்று பொதுஜனம் ஆரம்பித்தார்.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். "போடுதல் 'புட்'டுங்கிற வினைக்குச் சேர்ந்தது" என்று தலைவர் குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். "அது நம்ம அடுத்த திட்டம். இப்பவே அதுல கை வெச்சா அப்ப என்ன செய்யறது?"

சாயங்காலத்துக்குள் 'அகவயப்படுத்துக' என்று முடிவானது. நாள்தோறும் இருவேளை ஒரு மாத்திரை அகவயப்படுத்துக. அதைக் கேட்டதும் பொதுஜனத்துக்குத் தலை சுற்றியது. வரிசையில் நிற்கிறவர்களில் ஒருத்தருக்குக்கூட இது புரியாது. புரியாவிட்டால் என்ன, பெட்டி திறந்தால் போதும், வாய்க்கு வழி எல்லாருக்கும் தெரியும். "புரிந்தது" என்று பெருங்குரலில் சொன்னார். தலைவர் உடனே கையெழுத்துப் போடுவார் என்று பேனாவைக்கூட எடுத்து நீட்டினார். அப்படியெல்லாம் போட முடியாதாம். முழு வினை ஒன்று முதல்முதலாக நிறைவேறுகிறது. மறுநாள் நிறைவு விழா வைத்து, நன்றியுரை முடிந்த பிறகுதான் கையெழுத்து.

மறுநாள் விழாவில் தலைவர் பேசினார். "டேக் என்ற இந்தச் சொல் எங்களிடமிருந்து எத்தனையோ எடுத்துக்கொண்டது. எங்கள் காலத்தை எடுத்துக்கொண்டது. எங்கள் கண்பார்வையை எடுத்துக்கொண்டது. நாங்கள் அதனிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன? இந்த அறை, இரண்டு கார், ஒரு சமையல்காரர், வருஷத்துக்கு ஒருமுறை ஆங்கிலம் வழங்கும் நாடுகளுக்கு ஒரு சிறு பயணம். இவ்வளவுதான்!" செயலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் கிடங்குக்காரரின் மனைவி வாரியத்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள். பியூன் அவளை உள்ளே விடவில்லை.

"அவசரங்க. என் வீட்டுக்காரர் உள்ள இருக்காரு."

"யாரு, பொதுஜனமா?"

"ஆமாங்க."

"நீங்க யாரு?"

"நானும் பொதுஜனந்தாங்க, விடுங்க!"

"அதாம்மா விட முடியாது. விதிப்படி ஒரு நேரத்துல ஒரு பொதுஜனந்தான் உள்ள இருக்கலாம். டீ வரும்போது அவர் வெளிய வருவாரு. உக்காருங்க."

அவள் படியில் உட்கார்ந்தாள். உள்ளே கைதட்டல் கேட்டது. டீ வந்ததும் அவர் வெளியே வந்து அவளைப் பார்த்தார். பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"தண்ணித் தொட்டிகிட்ட விழுந்துட்டாங்க. குடத்தோட விழுந்துட்டாங்க. தலை கல்லுல..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "டாக்டர் வந்து பாத்துட்டாரு. அண்ணி போயிட்டாங்க."

முத்திரையை உடைத்திருக்க வேண்டும். அன்றைக்கே, அவள் கத்தரிக்கோலைக் காட்டிய அன்றைக்கே, அவள் பேச்சைக் கேட்காமல் உடைத்திருக்க வேண்டும். வேறெதுவும் அவர் மனதில் இல்லை.

"வாங்க. சொந்தக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க. எப்ப எடுக்கறதுன்னு கேக்கறாங்க."

டீ டம்ளரும் பிஸ்கட்டுமாகக் காற்று வாங்க வந்த பேராசிரியர் அங்கேயே நின்றுவிட்டார். "என்ன சொன்னீங்கம்மா? திருப்பிச் சொல்லுங்க."

துக்கம் கேட்கிறார் என்று நினைத்து அவள் திருப்பிச் சொன்னாள். "எங்க அண்ணி செத்துப் போயிட்டாங்கய்யா. எப்ப எடுக்கறதுன்னு கேக்க வந்தேன்."

"எடுக்கறது!" என்றார் பேராசிரியர். பிஸ்கட் டீயில் விழுந்தது. அவர் வயசை மறந்து உள்ளே ஓடினார்.

கிடங்குக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அறையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரு நிமிஷம் மௌனம். அப்புறம் தலைவர் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"உங்க துக்கத்துல வாரியம் பங்கெடுத்துக்குது. உங்க அக்கா சாதாரணமாப் போகலை. இந்த வினைக்கு ஒரு புதுப் பொருளைக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. பிணத்தை எடுத்தல்! இத்தனை அகராதியைப் புரட்டியும் நம்ம கண்ணுல இது படலையே!"

"முழுமை விதிப்படி, ஒரு பொருள் விட்டுப்போயிருந்தா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார் செயலர். அவர் குரலில் துக்கம் இருந்தது, முகத்தில் இல்லை. "பதவி ஏற்றல்லேருந்து."

"அப்ப மருந்து?" என்று கேட்டார் கிடங்குக்காரர்.

"வரிசைப்படி வரும். கடைசியில" என்றார் தலைவர். "உங்களுக்கும் இப்ப அவசரம் ஒண்ணும் இல்லையே." அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அறையில் ஒரு நிம்மதி பரவியது. இன்னும் பல வருஷம் கார் இருக்கும், சமையல்காரர் இருப்பார்.

"பதிவுக்காகக் கேட்கறோம். பொதுஜனம் எழுந்து சொல்லணும். புரிந்ததா?"

"இன்னைக்குத்தான்யா புரிஞ்சுது" என்றார் அவர்.

சொல்லிவிட்டு, அந்த நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். தடுப்பதற்கு ஒரு வார்த்தை வேண்டும். எந்த வார்த்தை என்று அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அவர் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டார். மனைவி கூடவே நடந்தாள்.

மறுநாள் காலையில் அக்காவை எடுத்தார்கள். அதற்கு மறுநாள் அவர் கிடங்குக்குப் போய், அரிவாள்மணையின் முனையால் அரக்கு முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். ஜன்னலில் நின்ற கிழவர் லேபிள் ஒட்டாத அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் எழுதலையே?"

"எழுதல பெரியவரே. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போட்டுக்குங்க."

"சரிப்பா, போட்டுக்கறேன்."

வரிசை நகர்ந்தது. சாயங்காலத்துக்குள் அலமாரி காலியானது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு யாரும் திரும்பி வரவில்லை. அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

வாரியத்தால் அமர்வு கூட்ட முடியவில்லை. பொதுஜன நாற்காலி இல்லாமல் நடக்கிற அமர்வு செல்லாது. புது நாற்காலி வாங்க அமர்வு கூடித் தீர்மானம் போட வேண்டும். ஆகவே போலீசுக்குப் புகார் எழுதினார்கள். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. நிர்ணயமாகாத வினையை வாரியத்தின் தாளில் எழுதக்கூடாது என்பது அவர்களே போட்ட விதி. மூன்று நாள் யோசித்துவிட்டு அப்படியே அனுப்பினார்கள்.

ஸ்டேஷனில் ஏட்டு அதைச் சத்தமாகப் படித்தார். "எங்கள் வாரியத்துக்குச் சொந்தமான நாற்காலியைப் பொதுஜனம்..." அதற்கு மேல் ஒரு கோடுதான் இருந்தது. அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். "பொதுஜனம் நாற்காலியை என்னய்யா பண்ணுச்சு? உக்காந்துச்சா, உடைச்சுச்சா?" என்று புகாரைக் கொண்டு வந்த பியூனைக் கேட்டார்.

எதற்கும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏட்டு கிடங்குக்காரர் வீட்டுக்குப் போனார். முன்னறையில் ஒரு தையல் மிஷின். அதில் பாதி தைத்த ஒரு சட்டை, ஊசி இறங்கினபடியே நின்றிருந்தது. மிஷினுக்கு முன்னால், சரியான உயரத்தில், கை வைத்த தேக்கு நாற்காலி. சிவப்பு மெத்தையில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இது யாரு நாற்காலிங்க?"

"எங்க அக்காவுது."

"நீங்க எடுத்துட்டு வந்ததா?"

"ஆமாங்க" என்றார் அவர். "அவங்கதான் ஒண்ணு எடுத்துட்டு வரச் சொன்னாங்க."